வீட்டில் கட்டிய விமானத்துக்குக் கேபின் ஹீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுகிறவர்கள் எல்லோரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். கேள்வி கேட்பவர்களோ அதிகம். வரைபடம் மட்டும் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள், பாதி இறக்கையோடு நிற்பவர்கள், பிரான்சிலும் கனடாவிலும் கட்டிக்கொண்டிருக்கும் உறவுக்காரர்களுக்காகக் கேட்பவர்கள் என்று பல வகை. இந்தப் பக்கம் ஹீட்டர் பற்றிய கேள்விகளுக்கு மட்டும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சூட்டை உண்டாக்குவது எளிது. அதோடு புகையும் தீயும் உள்ளே வராமல் தடுப்பதும், வேண்டாத நேரத்தில் சூட்டை வெளியே நிறுத்திவைப்பதும்தான் உண்மையான வேலை.

நம் ஊர் வெயிலில் ஹீட்டரா? கேலி செய்கிறீர்களா?

தரையில் நின்று கேட்டால் நியாயமான கேள்விதான். சித்திரை மாதத்தில் இலாசுப்பேட்டை ஓடுபாதையருகே கண்ணாடி மூடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் ஹீட்டர் என்ற சொல்லையே கேட்க விரும்பமாட்டார். ஆனால் மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்துகொண்டே போகிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி 1,000 அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ். நம் கடற்கரையின் ஈரக் காற்றில் அதைவிடக் கொஞ்சம் மெதுவாகக் குறையும். தை மாத விடியலில் தரையில் 22 டிகிரி என்றால் 8,500 அடியில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். பெங்களூரு போகிறவர்களுக்கு அங்கே தரையே 3,000 அடி உயரத்தில் இருப்பதால், மலைகளுக்கு மேலே பறக்க இந்த உயரம் ஒன்றும் அதிகமில்லை.

ஏற்காட்டில் போர்வைக்குள் இருந்து அனுபவிக்கும் 10 டிகிரி வேறு. கதவிடுக்கு வழியாக மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் கணுக்காலில் பாயும் 10 டிகிரி வேறு. ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிடும். அதற்குப் பிறகு பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது.

அதே சமயம், காலையில் ஏறி வீராம்பட்டினம் கடற்கரை வரை ஒரு சுற்றுப் பறந்து இறங்குகிறவருக்கு ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு கம்பளிச் சட்டை போதும். அதன் எடையும் குறைவு, அது பழுதாவதும் இல்லை.

சூட்டை எங்கிருந்து எடுப்பது?

என்ஜினிலிருந்துதான். நாம் எரிக்கும் பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சுழல்விசிறிக்குப் போகிறது. மிச்சமெல்லாம் புகையோடும், குளிர்விக்கும் காற்றோடும், ஆயிலோடும், தண்ணீரில் குளிரும் என்ஜின் என்றால் அந்தத் தண்ணீரோடும் வெளியே போய்விடுகிறது. வீணாகும் அந்தச் சூட்டில் ஒரு துளியை உள்ளே திருப்பினால் போதும். அதிகம் பேர் செய்வது புகைக்குழாயைச் சுற்றி ஓர் உறை போட்டு, இடையில் காற்றை ஓடவிடுவது. தண்ணீரில் குளிரும் ரோட்டாக்ஸ் வகை என்ஜின்களில் கார்களில் உள்ளது போன்ற சிறு ரேடியேட்டர் ஒன்றை வைக்கலாம். ஆயில் கூலரைத் தாண்டி வரும் வெதுவெதுப்பான காற்றைப் பிடிப்பவர்களும் உண்டு. பெட்ரோலைத் தனியே எரிக்கும் ஹீட்டர்கள் இரட்டை என்ஜின் விமானங்களுக்கானவை. இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் அதை நினைக்கவே வேண்டாம்.

புகைக்குழாய் உறை எவ்வளவு சூடு தரும்? கணக்கு உண்டா?

தோராயமாகச் சொல்ல முடியும். சிலிண்டரை விட்டு வெளிவரும் புகையின் வெப்பம் 650 முதல் 800 டிகிரி வரை இருக்கும். குழாயின் வெளிச்சுவர் 500 டிகிரி அளவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 300 மில்லிமீட்டர் நீளத்துக்கு உறை போட்டால், காற்றைத் தொடும் பரப்பு 0.04 சதுர மீட்டர்தான். ஒரு பெரிய புத்தகத்தைவிடச் சிறியது. ஆனாலும் அந்தப் பரப்பிலிருந்து 750, 800 வாட் வரை காற்றுக்குப் போகும். ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிக் காற்றின் பக்கம். 2 அங்குல விட்டமுள்ள குழாயில் விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால், அது விநாடிக்கு 24 லிட்டர். எட்டாயிரம் அடியில் அதன் நிறை 23 கிராம் அளவில் இருக்கும். 800 வாட்டை அதற்குள் செலுத்தினால் வெப்பம் 35 டிகிரி உயரும். வெளியே 10 என்றால் குழாய் முனையில் 45. கைக்கு இதமான சூடு. கேபின் முழுதும் 45 ஆகிவிடாது. இடுக்குகளில் நுழையும் குளிர்காற்றோடு கலந்து 20 டிகிரிக்கு வந்தாலே வெற்றி. நம் தேவைக்கு ஒரு உறை தாராளம்.

உறைக்கும் குழாய்க்கும் இடையே 12 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையின் எதிர்ப்பக்கத்தில் வெளியேற வேண்டும். நுழைவும் வெளியேற்றமும் ஒரே பக்கத்தில் நேருக்கு நேர் இருந்தால் காற்று குழாயைச் சுற்றாமல் குறுக்கு வழியில் ஓடிவிடும்.

உறைக்கு எவர்சில்வர் தகடு போதுமா? எங்கே வாங்குவது?

எவர்சில்வரில் பல ரகம் உண்டு. விலை மலிவான பாத்திரத் தகடுகளில் பெரும்பாலும் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். கடையில் அதை ஜே4 என்றும் 202 என்றும் சொல்வார்கள். கடற்கரை ஊரில் அது ஒரே மழைக்காலத்தில் பழுப்பேறிவிடும். காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 202, அதைவிட நல்ல ரகமான 304 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ கடலூர் சிப்காட் பக்கத்திலோ ஆலைகளுக்கு வேலை செய்யும் பட்டறைகளில் சோதனைச் சான்றிதழோடு வரும் 304 தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். அரை மில்லிமீட்டர் கனம் போதும். அலுமினியத் தகட்டிலும் உறை செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் உறையின் இரு முனைகளும் புகைக்குழாயைத் தொடும் இடத்தில் எஃகுதான் வேண்டும்.

புகைக்குழாயையே புதிதாகச் செய்வதாக இருந்தால் 321 ரகம் கேளுங்கள். 304ஐப் பற்றவைக்கும்போது, வெல்டுக்கு அருகே 425 முதல் 860 டிகிரி வரை சூடாகும் பகுதியில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்துவிடும். அந்தக் கோட்டில்தான் பிறகு அரிப்பு தொடங்கும். 321இல் இருக்கும் டைட்டானியம் கார்பனைத் தானே பிடித்துக்கொண்டு குரோமியத்தைக் காப்பாற்றுகிறது. வெல்டிங் ஆர்கான் வாயுவில்தான் செய்ய வேண்டும்.

ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. கம்பி, துத்தநாகம் பூசிய கிளாம்ப் எதையும் புகைக்குழாய்க்கு அருகே கொண்டுபோகாதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். உருகியது எவர்சில்வருக்குள் ஊடுருவி அதை விரிசல்விடச் செய்யும். இதே காரணத்துக்காகத்தான் புகைக்குழாயில் பென்சிலால் அடையாளக் கோடு போடக்கூடாது என்று விமானப் பழுதுபார்ப்புக் கையேடுகள் சொல்கின்றன. பென்சில் கோடு சூட்டில் உலோகத்துக்குள் ஏறி, அந்தக் கோட்டிலேயே விரிசல் வரும். பட்டறைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் காதில் பென்சில் செருகியிருப்பார், பழக்கத்தில் கோடு போட்டுவிடுவார்.

உறைக்குள் பாத்திரம் தேய்க்கும் எஃகு நாரைத் திணித்தால் சூடு கூடுமாமே?

கூடும், பழைய தந்திரம்தான். குழாயைச் சுற்றி எஃகுச் சுருள்வில்லை இழுத்துச் சுற்றுவதும் இதே வகை. குழாயின் சூடு கம்பிகளுக்கு ஏறி, காற்று தொடும் பரப்பு பெருகுகிறது. குளிர்நாட்டுக்காரர்களுக்கு இது தேவைப்படலாம். நமக்குத் தேவையில்லை என்பதோடு, இங்கே ஒரு தீமையும் உண்டு: உப்புக்காற்றில் நார் துருப்பிடித்து உதிரும், துகள் சூடான காற்றைத் திறந்து மூடும் வால்வில் மாட்டும், விரிசல் நாருக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். சுருள்வில்லாவது பரவாயில்லை, கழற்றிப் பார்க்கலாம்.

புகைக்குழாயைக் கண்ணாடியிழை நாடாவால் சுற்றிக் கட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும். விரிசலும் கண்ணில் படாது.

உறைக்குள் போகும் காற்றை எங்கிருந்து எடுக்க வேண்டும்?

என்ஜினுக்கு முன்னால், என்ஜின் மூடியின் மூக்குத் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் அழுத்தம் கூடிய, சுத்தமான காற்றிலிருந்து. சிலிண்டர்களுக்குப் பின்னால் நிற்கும் தடுப்புத் தகட்டில் 2 அங்குல விளிம்பு ஒன்றை ரிவெட் அடித்துக் குழாயை மாட்டுவது வழக்கம். என்ஜினுக்குக் கீழே உள்ள சூடான காற்றை எடுத்தால் கூடுதல் சூடு கிடைக்குமே என்று ஒரு யோசனை எல்லோருக்கும் தோன்றும். அந்தக் காற்றில்தான் ஆயில் கசிவும், பெட்ரோல் ஆவியும், கேஸ்கெட் போன இடத்துப் புகையும் கலந்திருக்கும்.

காற்றைக் கொண்டுபோக என்ன குழாய் போடுவது?

சிலிக்கோன் பூசிய சிவப்புநிறக் கண்ணாடியிழைக் குழாய். அது 230 டிகிரி அளவு வரை தாங்கும். கறுப்பு நிற நியோப்ரீன் குழாய் 150 டிகிரியோடு சரி. அதைக் கேபினுக்கு உள்ளே மட்டும் பயன்படுத்தலாம். சமையலறைச் சிம்னிக்கு விற்கும் பளபளப்பான அலுமினியத் தாள் குழாயை ஒருவர் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். சமையலறை அதிர்வதில்லை. என்ஜின் அதிரும்.

என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவரில் ஓட்டை போட வேண்டுமே, அது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

அந்தச் சுவர் ஏன் இருக்கிறது? என்ஜின் பகுதியில் தீப்பிடித்தால், விமானத்தைத் தரையிறக்கும்வரை தீயை அந்தப் பக்கமே நிறுத்திவைக்க. ஆலையில் தயாராகும் சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதி 2017 வரை 0.38 மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர் தகட்டைத் தீத்தடுப்புச் சுவராக நேரடியாகவே ஏற்றது. தீ தாங்கும் சோதனை என்பது 1,093 டிகிரிச் சுவாலையை 15 நிமிடம் தாங்குவது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியிருக்க, எவர்சில்வர் சுவரில் 2 அங்குல ஓட்டை போட்டு அதில் அலுமினிய வால்வுப் பெட்டியை மாட்டினால், தீ வந்த சில நிமிடங்களில் பெட்டி காணாமல் போய்விடும். மிஞ்சுவது நேராக உங்கள் முழங்காலை நோக்கித் திறந்திருக்கும் ஓட்டை. உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது அலுமினியப் பெட்டிதான். எவர்சில்வர் பெட்டிக்குப் பணம் கூடக் கொடுங்கள், அல்லது பட்டறையில் செய்துகொள்ளுங்கள். பெட்டியை மாட்டும் ரிவெட்டும் எஃகாகவே இருக்கட்டும். அதே சுவரில் கம்பிவடமும் ஒயரும் நுழையும் இடங்களில் வெறும் ரப்பர் வளையத்தோடு விட்டுவிடாதீர்கள். அதன்மேல் எஃகு மூடி ஒன்று வேண்டும்.

வால்வு என்ஜின் பக்கத்தில் இருக்க வேண்டும். மூடியிருக்கும்போது சூடான காற்றை அடைத்துவைக்காமல் கீழ்நோக்கி வெளியே திருப்பிவிட வேண்டும். இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. வால்வை மூடியதும் உறைக்குள் காற்றோட்டம் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி ஆயுளை இழக்கும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி வால்வு மூடியே இருக்கும் என்பதால் இது நமக்குத்தான் அதிகம் பொருந்தும். திருப்பிவிடும் காற்று பெட்ரோல் வடிகட்டியின் மேலோ, பம்ப்பின் மேலோ, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் மேலோ அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்வின் தகட்டைச் சுருள்வில் இழுத்து மூடியே வைத்திருக்கட்டும். கம்பியை இழுத்தால் திறக்கட்டும். கம்பி அறுந்தால் குளிரோடு வீடு திரும்பலாம், அவ்வளவுதான். பறக்கும்போது என்ஜின் தீக்கான செயல்வரிசையை எழுதும்போது, பெட்ரோலை அடைத்து மெயின் சுவிட்சை அணைத்ததற்கு அடுத்த வரியாக ஹீட்டரை மூடு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். செஸ்னா 172 கையேட்டிலும் அது இருக்கிறது.

ஹீட்டர் வைத்தாகிவிட்டது. காற்றும் சூடாக வருகிறது. ஆனாலும் கால் சில்லென்று இருக்கிறதே?

இரண்டு காரணம். ஒன்று, காற்று வெளியேற வழியில்லை. கேபின் நிரம்பிவிட்டால் புதிய சூடான காற்று உள்ளே வராது. உடற்பகுதியில் அழுத்தம் குறைந்த இடத்தில் வெளியேறும் துவாரம் வேண்டும். இரண்டாவது, வால்பக்கம். பறக்கும்போது கேபினுக்குள் அழுத்தம் பெரும்பாலும் வெளியைவிடக் குறைவாக இருப்பதால், வால்கூம்பின் ஓட்டைகளில் நுழையும் குளிர்காற்று உள்ளுக்குள்ளேயே முன்னோக்கி ஓடிவந்து உங்கள் முதுகிலும் காலிலும் படும். இருக்கைக்குப் பின்னால் ஒரு துணித் தடுப்பு, கட்டுப்பாட்டுத் தண்டு நுழையும் இடங்களில் தோல் உறை, கதவோரத்தில் நுரைப்பட்டை. ஹீட்டர் வாங்கும் முன்பே இவற்றைச் செய்தால், சிலருக்கு ஹீட்டரே தேவைப்படாது.

கார்பன் மோனாக்சைடு பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு பயப்பட வேண்டுமா?

வேண்டும். புகைக்குழாயில் விரிசல் விட்டால், புகை உறைக்குள் கசிந்து, நீங்கள் ஆசையாகத் திறந்துவைத்த அதே வழியாக மூக்குக்கு வருகிறது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, பிறகு தூக்கம், பிறகு எதைப் பற்றியும் அக்கறையில்லாத ஒரு நிலை. தனக்கு ஏதோ ஆகிறது என்று புரிந்துகொள்ள வேண்டிய மூளையைத்தான் அது முதலில் மழுங்கடிக்கிறது. உயரத்தில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு என்பதால் பாதிப்பு இன்னும் கூடும். புகைபிடிப்பவரின் இரத்தத்தில் தரையிலேயே கொஞ்சம் ஏறியிருக்கும்.

2019 ஜனவரி 21 அன்று கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்கு ஒற்றை என்ஜின் பைப்பர் மலிபு விமானத்தில் போகும்போது அது ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவருடைய இரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 சதவீதம் கார்பன் மோனாக்சைடு பிடியில் இருந்தது. விமானியையும் அது பாதித்திருக்கலாம் என்றும், புகைக்குழாய் அமைப்பிலிருந்து அது கேபினுக்குள் வந்திருக்கலாம் என்றும், ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவி விமானத்தில் இல்லை என்றும் பிரிட்டனின் விபத்து விசாரணைப் பிரிவு சொன்னது. அது தொழிற்சாலையில் தயாரான, முறையான சான்றிதழ் வகையைச் சேர்ந்த விமானம். நம்முடையது கொட்டகையில் செய்தது.

ஆகவே, உறையை இரண்டு பாதியாகச் செய்து கிளாம்பால் இறுக்குங்கள், பற்றவைத்து நிரந்தரமாக்காதீர்கள். 50 மணி நேரம் பறந்ததும் கழற்றி, வெளிச்சத்தில் குழாயைப் பாருங்கள். வெல்டு ஓரங்களில் சாம்பல் வெள்ளைக் கோடோ கரியோ தெரிந்தால் கசிவு. ஆண்டுப் பரிசோதனையில், என்ஜின் ஆறியபிறகு, வேக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் முனையைப் புகைக்குழாய் வாயில் மாட்டி ஓடவிட்டு, குழாய் முழுதும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம் விரிசல். இணைப்புச் சந்துகளில் கொஞ்சம் குமிழி வரத்தான் செய்யும். அவை உறைக்கு வெளியே இருக்க வேண்டும். சந்து எதுவும் உறைக்குள் வரும்படி வடிவமைக்காதீர்கள்.

பறக்கும்போது சந்தேகம் வந்தால்?

ஹீட்டரை மூடுங்கள், வெளிக்காற்றுத் துவாரங்களை எல்லாம் திறங்கள், அருகிலுள்ள தளத்தில் இறங்குங்கள். ஆக்சிஜன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். புதிய காற்று பட்டதும் சரியாகிவிடும் என்று நினைத்துப் பயணத்தைத் தொடராதீர்கள்: சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறையவே நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும்.

வீட்டுக்கு விற்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் போதாதா?

ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் வீட்டு அலாரம் மெதுவாக எச்சரிக்கும்படி செய்யப்பட்டது. அமெரிக்கத் தரப்படி 70 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு) அளவில் ஒரு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அலறினால் போதும். அதற்குள் நம் பெட்ரோலே தீர்ந்துவிடும். எண்ணைத் திரையில் காட்டி, குறைந்த அளவிலேயே உடனே ஒலிக்கும் கருவியை வாங்குங்கள். நிறம் மாறும் ஒட்டு அட்டைகள் மலிவு, ஆனால் அவை கூப்பிடுவதில்லை, நாம்தான் பார்க்க வேண்டும். பிரித்த சில மாதங்களில் பழசாகியும் விடும்.

கருவி வந்ததும் ஒரு நாள் அதற்காகவே பறந்து பாருங்கள். ஹீட்டர் திறந்து, மூடி, ஏறும்போது, மெதுவாகப் பறக்கும்போது என்று ஒவ்வொரு நிலையிலும் எண்ணைக் குறியுங்கள். ஹீட்டர் மூடியிருந்தும் எண் ஏறினால், புகை சக்கரக்கால் நுழையும் இடுக்கு வழியாகவோ வால்பக்கத்திலிருந்தோ வருகிறது.

என்னிடம் ரோட்டாக்ஸ் 912 இருக்கிறது. தண்ணீர்ச் சூட்டைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. 912இல் சிலிண்டர் தலைகள் தண்ணீரில் குளிர்கின்றன, சிலிண்டர்கள் காற்றில். தலையிலிருந்து வரும் சூடான குளிர்விப்பு நீரை ஒரு சிறிய ரேடியேட்டர் வழியாக விட்டு, அதன்மேல் படும் காற்றைக் கேபினுக்குள் அனுப்பலாம். புகை உள்ளே வரும் பயம் இதில் இல்லை என்பதுதான் பெரிய லாபம். பழைய கார் ஹீட்டரின் ரேடியேட்டர் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். ஆனால் யாரோ அடைத்துவைத்த ஓட்டையோடு வருவதும் உண்டு, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்துக் காற்று ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். குழாய் இணைப்பில் சந்தேகம் இருந்தால் கடலூர்த் துறைமுகத்துப் படகு மெக்கானிக்கைக் கேளுங்கள். தண்ணீர் ஓடும் என்ஜினில் காற்று எங்கே அடைக்கும், எப்படி வெளியேற்றுவது என்பது அவருக்கு அத்துப்படி.

ரேடியேட்டரைத் தீத்தடுப்புச் சுவருக்கு முன்னால், என்ஜின் பக்கத்திலேயே வையுங்கள். கேபினுக்குள் வைத்து அது வெடித்தால் கொதிக்கும் குளிர்விப்பு நீர் காலில் கொட்டும், ஆவி கண்ணாடியை மறைக்கும். இந்த ஏற்பாடு தண்ணீரோடு சேர்த்து இரண்டு, மூன்று கிலோ எடை கூட்டும். உறை வகையின் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ.

ஆயில் கூலர் காற்று?

வெதுவெதுப்பு வரும், அவ்வளவுதான். நம் தேவைக்கு அது போதும் என்றாலும், வால்வை மூடும்போது கூலருக்கான காற்று குறைந்தால் நம் கோடையில் ஆயில் கொதித்துவிடும். கூலரில் கசிவு வந்தால் ஆயில் புகை நேராக உள்ளே வரும். எனக்குப் பிடிக்காத வழி.

மின்சாரத்தால் சூடேற்றினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

கேபினை அல்ல, ஆளைச் சூடேற்றுவதாக இருந்தால் சரி. 912இன் உள்ளே இருக்கும் ஜெனரேட்டர் அதிகபட்சம் 250 வாட் தரும். ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், விளக்கு, பம்ப் எல்லாம் போக 80, 100 வாட் மிஞ்சினால் அதிர்ஷ்டம். மேலே நாம் பார்த்த 800 வாட் அதில் கனவு. ஆனால் 12 வோல்ட்டில் ஓடும் சூட்டு அங்கி ஒன்றுக்கு 40, 50 வாட் போதும். மோட்டார் சைக்கிள்காரர்கள் பயன்படுத்துவது. தனி ஃபியூஸ், தனி சுவிட்ச் வையுங்கள். புதுச்சேரியிலேயே பறந்து, தையில் இரண்டொரு முறை மட்டும் உயரே போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். சுவரில் ஓட்டை இல்லை, புகை இல்லை.

கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க ஹீட்டர் உதவுமா?

மார்கழிக் காலையில் இரண்டு பேர் ஏறிக் கதவை மூடியதும் மூச்சிலேயே கண்ணாடி மங்கிவிடும். உயரத்திலிருந்து குளிர்ந்த கண்ணாடியோடு நம் கடற்கரை ஈரத்துக்குள் இறங்கும்போதும் அப்படியே. கண்ணாடியின் அடியோரமாகச் சிறு துளைகள் போட்ட குழாயை வைத்துக் காற்றை மேல்நோக்கி விடுங்கள். ஆனால் அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக் என்பதை நினைவில் வையுங்கள்: 100 டிகிரி நெருங்கினால் இளகும், அதற்கு முன்பே நுண்விரிசல் விடும். உறைக்காற்றை நேராக அதன்மேல் பாய்ச்சாமல், குளிர்காற்று கலந்து கைபொறுக்கும் சூட்டில் விட வேண்டும். ஓடுபாதையில் நிற்கும்போது ஹீட்டர் சரியாக வேலை செய்யாது. அங்கே கதவைக் கொஞ்சம் திறந்துவைப்பதும் ஒரு துணியும்தான் வழி.

கார்புரேட்டர் சூட்டுக்கும் கேபினுக்கும் ஒரே உறை போதுமா?

போதாது. இரண்டையும் சேர்க்கவும் கூடாது. ஒரே ஒரு உறைக்குத்தான் இடம் என்றால் அது கார்புரேட்டருக்கே. வெப்ப ஊரில் கார்புரேட்டரில் பனி பிடிக்குமா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் ஆவியாவதாலும் அழுத்தம் குறைவதாலும் கார்புரேட்டருக்குள் காற்று 30 டிகிரிக்கும் மேல் குளிர முடியும். ஈரம் நிறைந்த காற்றில், வெளியே 30 டிகிரி இருக்கும்போதுகூட உள்ளே பனி பிடிக்கும். ஈரக் காற்றுக்குப் புதுச்சேரியில் பஞ்சமா? குளிரில் நீங்கள் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். என்ஜின் நின்றால் கீழே வங்காள விரிகுடா.

இதற்கு அனுமதி வேண்டுமா?

பறப்பதற்கான அனுமதி பெற்றபின் சேர்ப்பதாக இருந்தால், அது விமானத்தில் செய்யும் மாற்றம். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. உங்களுக்குக் கொடுத்த அனுமதியின் நிபந்தனைகளைப் பார்த்துவிட்டு, மாற்றத்தை எழுத்தில் காட்டி ஒப்புதல் பெறுங்கள். எடையும் சமநிலையும் மறுபடி கணக்கிட வேண்டும். மும்பையில் வீட்டு மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பதிவு கிடைத்தது 2017இல். அதற்குள் அவர் கடந்துவந்த ஆண்டுகளைப் படித்தவர்களுக்குக் காகிதத்தின் அருமை தெரியும். முதலிலேயே வரைபடத்தில் ஹீட்டரைச் சேர்த்துவிடுவது நல்லது.

உப்புக்காற்றுக்கு என்ன செய்வது?

வால்வுக் கம்பியும் அதன் உறையும்தான் முதலில் போகும். இரும்புக் கம்பி போட்டால் ஐப்பசி மழைக்குப் பிறகு வால்வு நின்ற இடத்திலேயே இறுகிவிடும், அதுவும் திறந்த நிலையில் இறுகினால் மோசம். எவர்சில்வர் கம்பி போடுங்கள். பறக்காத மாதங்களிலும் வாரம் ஒருமுறை இழுத்து விடுங்கள். அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் அரிப்பு வெள்ளைப் பொடியாகத் தெரியும். துடைத்துவிட்டு, இடையே சூடு தாங்கும் பூச்சு கொடுங்கள்.

மாசி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா?

கழற்றிவிடுங்கள், நல்ல பழக்கம். உறை, குழாய் இரண்டையும் எடுத்தால் எடை குறையும், புகைக்குழாயும் பார்வைக்குக் கிடைக்கும். தீத்தடுப்புச் சுவரிலுள்ள ஓட்டைக்கு எவர்சில்வர் மூடி ஒன்றைத் திருகாணியோடு தயாராக வைத்திருங்கள், டேப் ஒட்டி அடைக்க வேண்டாம். என்ஜின் தடுப்புத் தகட்டிலுள்ள 2 அங்குலத் துவாரத்தையும் மறக்காமல் மூடுங்கள். அது திறந்திருந்தால் சிலிண்டர்களுக்குப் போக வேண்டிய காற்று வீணாகும். சித்திரை மாதத்தில் என்ஜினின் வெப்பமானி அதை முதல் ஏற்றத்திலேயே காட்டிவிடும்.